தகட்டு மேல மூணு கோட்

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க வாலு எழுதறேன். முதல் துறைமுகம் வந்து சேர்ந்தாச்சு. கை கால் எல்லாம் இருக்கு, எண்ணிப் பார்த்துட்டேன். போன் பண்ணலைன்னு கோவிச்சுக்காதீங்க. நாம போன்ல பேச ஆரம்பிச்சா மூணாவது நிமிஷமே சண்டை வரும். கடிதத்துல குறுக்கே பேச முடியாது பாருங்க. அதனால போனை அணைச்சுப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். ரெண்டாவது துறைமுகத்து அலுவலகத்துக்கு எழுதுங்க, அங்க போய் வாங்கிக்கறேன்.

ஒரு விஷயம் நேர்ல சொல்ல வாய் வரலை. நான் இந்தப் பாய்மரப் படகை வாங்கினதுலேருந்து ரெண்டு வருஷமா நீங்க என்கூடப் பேசலை. கிளம்பறதுக்கு முந்தின வாரம் சாமான் வாங்க நாலு நாள் வெளியூர் போயிட்டுத் திரும்பி வந்தா, படகுப் பட்டறையில படகோட அடிப்பாகம் முழுக்க நீலமா பளபளன்னு இருக்கு. நீங்க பக்கத்துல நின்னு பிரஷ் கழுவிட்டிருந்தீங்க. "ஒரு இடம் விடலை"ன்னு மட்டும் சொன்னீங்க. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதேன். கவனிச்சீங்களா?

மின்னலை நினைச்சு அம்மா தூங்கலையாமே. அவங்ககிட்ட சொல்லுங்க. பாய்மரத்து உச்சியில ஒரு கம்பி இருக்கு. அதுலேருந்து கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு தாமிரக் கம்பி இறங்கி, படகுக்கு அடியில இருக்கற வெண்கலத் தகட்டுல சேருது. அந்தத் தகடு கடல் தண்ணியைத் தொட்டுக்கிட்டிருந்தா போதும். மின்னல் என்னை விட்டுட்டு நேரா கடலுக்குள்ள போயிடும். பட்டறை ஒயர்மேன் அண்ணன் பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கார்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 11

என் வாலுக்கு,

உன் கடிதத்தை அம்மா சத்தமாப் படிச்சா, ரெண்டு தரம். நான் பேப்பர் பார்க்கற மாதிரி உட்கார்ந்திருந்தேன். இங்க எல்லாரும் சௌக்கியம். எனக்குப் பள்ளிக்கூடத்துல வெள்ளையடிக்கற வேலை வந்திருக்கு, பதினாலு அறை.

ஒரு சின்ன சந்தேகம். அந்தத் தகடு சரியா எங்க இருக்கு? எத்தனை பெரிசு? சும்மாதான் கேக்கறேன். முடிஞ்சா தண்ணியில இறங்கி ஒரு தடவை பார்த்துக்கோ. இந்தக் கோடை இடிமழை ஓயற வரைக்கும் ரெண்டாவது துறைமுகத்துலயே இருந்துட்டுப் போயேன். என்ன அவசரம்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஏப்ரல் 23

அப்பா,

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கடிதம், அதுல பாதி கேள்வியா? சரி, சொல்றேன். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும். நடுவுல, கொஞ்சம் இடப்பக்கமா. அது மேல பெயிண்ட் படக் கூடாதுன்னு ஒயர்மேன் அண்ணன் பச்சை டேப் ஒட்டி வச்சிருந்தார். நீங்க பார்த்திருப்பீங்க, உங்க கண்ணுக்குத் தப்புமா? பெயிண்ட் பட்டுடுச்சுன்னா தகடு இருந்தும் இல்லாத மாதிரிதானாம்.

தண்ணியில எல்லாம் இறங்க மாட்டேன். இங்க ஜெல்லிமீன் கும்பல் கும்பலா மிதக்குது. ஏற்கெனவே ஒண்ணு கணுக்காலைப் பதம் பார்த்துடுச்சு.

நாளைக்குக் காலையில கிளம்பறேன், காத்து நல்லா இருக்கு. மூணாவது துறைமுகத்துக்கு இருபது நாள் ஆகும். சாயங்காலமானா வானம் கருத்துக்கிட்டு வருது. வரட்டுமே, நமக்கென்ன, தகடு இருக்கு.

வாலு


மே 2

என் கண்ணு,

உன் கடிதம் இன்னிக்கு வந்தது. நான் பாவி. பெயிண்ட் அடிச்சுட்டேன்மா. அந்தத் தகட்டு மேல நான்தான் அடிச்சேன்.

டேப்பைப் பார்த்தேன். எவனோ அரைகுறை வேலை பண்ணிட்டு டேப்பை உரிக்க மறந்துட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன். முப்பது வருஷமா எனக்கு முன்னாடி வேலை பார்த்தவங்க விட்டுட்டுப் போன டேப்பைத்தானே உரிச்சுக்கிட்டிருக்கேன்? அதே மாதிரி இதையும் உரிச்சேன். உள்ளே வட்டமா மொட்டையா இருந்தது. என் பொண்ணு படகுல ஒரு திட்டு விட்டுப்போகலாமான்னு பூசிட்டேன்.

உன் முதல் கடிதத்தை அம்மா படிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. மறுநாளே ஒயர்மேன்கிட்ட ஓடினேன். "டேப்பை யாரு எடுத்தது?"ன்னு அவர் தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். மின்னல் இறங்கி வந்து, போக வழி இல்லைன்னா, படகைப் பொத்துக்கிட்டுப் போகுமாம். அன்னிக்கே துறைமுகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தா நீ கரையிலயே இருந்திருப்பே. ஆனா பட்டறை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்குமேன்னு வெக்கம். நீயே தண்ணியில இறங்கிப் பார்த்துப்பேன்னு நம்பிக்கிட்டு, கௌரவம் பார்த்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்தேன்.

இன்னிக்கு அந்த அலுவலகத்துக்குப் பேசினேன். படகு போயிடுச்சுன்னாங்க. வயர்லெஸ்ல கூப்பிட்டாங்களாம், நீ அது எட்டற தூரத்தைத் தாண்டிப் போயிட்டியாம்.

அம்மாகிட்ட சொன்னேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "அவ போகக் கூடாதுன்னு தெரிஞ்சே பண்ணீங்களா?" நான் இல்லைன்னு சொன்னதை அவ நம்பலை. இல்லைம்மா. சத்தியமா இல்லை. நீயாவது நம்பு.

அப்பா


மே 18

வாலு,

நீ கிளம்பி இன்னியோட இருபத்தஞ்சு நாள். தினமும் மூணாவது துறைமுகத்துக்குப் போன் பண்றேன். என் குரலைக் கேட்டதுமே அந்த ஆள் "இன்னும் வரலைங்க"ன்னு சொல்லிடறார். பள்ளிக்கூட வேலையைப் பாதியில விட்டுட்டேன். பிரஷ்ஷை எல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்.

என்னை வாய்க்கு வந்தபடி திட்டி ஒரு வரி எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தா போதும். இனிமே கடலுக்குப் போகாதேன்னு சொல்லவே மாட்டேன். எங்க வேணா போ, எத்தனை வருஷம் வேணா பேசாம இரு. உயிரோட இரு, கண்ணு.

அப்பா


மே 24

அப்பா,

இருக்கேன்.

பத்தாவது நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு விழுந்தது. சுத்தி நெருப்பு நாத்தம். வயர்லெஸ், விளக்கு, போன் எல்லாம் கருகிப் போச்சு. தகட்டைச் சுத்தி நாலு ஓட்டை. மெத்தையைக் கிழிச்சு அடைச்சுக்கிட்டு, தூங்காம தண்ணியை இறைச்சு ஊத்தினேன். மூணாம் நாள் ஒரு மீன்பிடிப் படகு பார்த்தது. அவங்ககிட்ட வயர்லெஸ் கிடையாது; மீன் பிடிச்சு முடியற வரைக்கும் கூடவே மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டு வந்து, நேத்துதான் மூணாவது துறைமுகத்துல கரை சேர்த்தாங்க. வலது காது கேக்கலை, வருமா வராதான்னு டாக்டருக்கே தெரியலை.

உங்க ரெண்டு கடிதமும் இங்க காத்துக்கிட்டிருந்தது. முதல்ல எனக்கும் அம்மாவுக்கு வந்த சந்தேகம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். படகைக் கரையேத்தி வச்சிருக்காங்க. ராத்திரி பூரா அந்த நினைப்போடயே அதைச் சுத்திச் சுத்தி வந்தேன்.

இன்னிக்குக் காலையில தகட்டைக் கத்தியால சுரண்டிப் பார்த்தேன். அடியில பிரைமர். அது மேல மூணு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல உப்புத்தாள் தேய்ச்ச கோடு. கெடுக்கணும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கோட் போதும்ப்பா. யாரும் உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டாங்க. இதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க.

ஆனா கோவம் போகலை. ஒயர்மேன் அண்ணன் சொன்ன பிறகும் நீங்க வாயைத் திறக்காம இருந்த நாளையும், நீங்க கேட்ட "சும்மாதான் கேக்கறேன்"ஐயும் என்னால லேசுல விட முடியாது. நேர்ல சண்டை போடணும். இடது பக்கமா நின்னு கத்துங்க, அந்தக் காதுதான் கேக்குது.

கிளம்பி வாங்க. தகட்டுல இன்னும் பாதி பெயிண்ட் ஒட்டிக்கிட்டிருக்கு, அதை நீங்கதான் சுரண்டணும். பட்டித்தகடும் உப்புத்தாளும் எடுத்துக்கோங்க.

பிரஷ் வேண்டாம்.

வாலு