திரையில் இல்லாத கிளி

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை இரவு.

இன்று டிவி வாங்க மனைவி, மகளோடு திருப்பதிக்குப் போனேன். கடையில் இரண்டு டிவியிலும் ஒரே பச்சைக்கிளி. மகள் பவானி பாடம் எடுத்தாள். "நைனா, இது ஃபுல் எச்டி, அது ஃபோர்கே. புள்ளிங்க நாலு மடங்கு. மூஞ்சில பரு கூட தெரியும்."

"பரு பாக்க எதுக்கு டிவி? என் மூஞ்சி கீதே!"

வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. விலையைப் பார்த்துத்தான் தெரியாத மாதிரி நடித்தேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒற்றைக் கண்ணை மூடி உற்றுப் பார்ப்பது போலக் காட்டினேன். வலது கண்ணில் இறகு இறகாகத் தெரிந்தது. கண்ணை மாற்றி மூடினேன். இடது கண்ணில் கிளியே இல்லை. நடுவில் வெறும் புகை.

"கடைக்காரருக்கு எதுக்குக் கண்ணடிச்சிக்கினு நிக்கிற?" என்று பவானி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தீபாவளி ஆஃபரில் வாங்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதைத்தான் மனைவி ஒரு மாதமாகச் சொல்கிறாள். "இன்னிக்காவது புத்தி வந்துச்சே" என்றாள். வடமாலபேட்டையில் வீடு வரை நானே காரை ஓட்டி வந்தேன். இருவரும் பின்சீட்டில் தூங்கினார்கள்.

விடிந்தால் திருமலைக்கு டாக்சி சவாரி. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். அந்த மலைப்பாதை எனக்கு மனப்பாடம் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். மனப்பாடத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேனோ என்னவோ. வர முடியாது என்று அவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். செய்தால் மனைவி ஏன் என்று கேட்பாள். நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அழுத்தவில்லை.