வெட்டுப்பட்ட கம்பளிச் சட்டை

அன்புள்ள லோர்னாவுக்கு,

நானும் என் தொப்பையும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை மரவெட்டு வேலை இல்லையென்று மான் வேட்டைக்குப் போனேன். குறி தப்பியது. மானைத் துரத்தியதில் குளத்துப் பனிக்கட்டி உடைந்து மார்பளவு நீரில் நின்றேன். பயப்படாதே. அரிக்கிறதென்று நான் திட்டிய, நீ தைத்துத் தந்த கம்பளிச் சட்டைதான், நனைந்த பிறகும் முகாம் வரை சூடு காத்தது.

அடுப்பருகே உட்கார்ந்ததும் கூட்டாளி ஹார்லன் கத்தரிக்கோலோடு வந்தான். குறி தவறியவன் சட்டையின் பின்நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது இங்கே சட்டம்.

"செத்துப் பொழச்சு வந்திருக்கேண்டா!"

"சந்தோஷம் மாப்ள. மானும்தான் பொழச்சிருக்கு. திரும்பு!"

இப்போது முதுகில் குளிர்காற்று. சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்று அனுப்பு. வேண்டாம், ஊசி நூலோடு எடுத்து வை. கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், நீயே தை.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன் எல்வுட்