அப்பா எந்த நாட்டு ஆள்

பேசாலை
மாசி 4

அன்பு மகன் சாந்தரூபனுக்கு,

மடுமாதாவின் துணையால் நானும் உன் தங்கச்சி டிலானியும் சுகமாக இருக்கிறோம், அங்கே பிரான்சில் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் செபிக்கிறேன். அப்பாவை அடக்கம் செய்து இன்றைக்குப் பதினெட்டு நாள். அகதிப் பத்திரத்தோடு இந்த நாட்டுக்குள் வர முடியாமல் நீ போனில் பூசையைப் பார்த்து அழுததாக டிலானி சொன்னாள். அதை நினைத்து வருந்தாதே மகன், குழிக்குள் உன் பங்குக்கும் சேர்த்து நான் மண் போட்டேன்.

இன்றைக்குச் சுதந்திர தினம். பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிப் பாட்டுப் போடுவது நான் சமைக்கிற குசினி வரைக்கும் கேட்கிறது. அப்பா இருந்திருந்தால் தன் தகப்பனின் கதையைத் தொடங்கியிருப்பார். வெள்ளைக்காரன் போன அந்த நாளில் அவருடைய தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் கூலிச்சனம் குடியிருந்த லயத்து வாசலில் தடி நட்டுச் சிங்கக்கொடி கட்டி, இனி இது நம்ம நாடு என்று சொல்லி வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்தாராம். அப்பா அப்போது ஆறு மாதக் குழந்தை. அந்த வருடம் முடிவதற்குள் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்துச் சனத்துக்குப் பிரசாவுரிமை இல்லை என்றாகிவிட்டது. கொடி கட்டிய மனுசன் எந்த நாட்டு ஆளாகவும் இல்லாமலே செத்தார். நாடு விடுதலையாகும்போது யாரை உள்ளே எடுப்பது யாரை வெளியே விடுவது என்று எங்கே இருந்து முடிவெடுக்கிறார்களோ, எனக்குத் தெரியாது, விடுபட்டவனின் வீட்டில் வாழ்ந்தவள் நான்.

எழுபத்தேழு இனக்கலவரத்தில் அப்பா தோட்டத்திலிருந்து மன்னாருக்கு ஓடிவந்து என்னைக் கட்டினார். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறினோம், நீ முகாமில் பிறந்தாய், அங்கே பதிவேட்டில் அவர் இலங்கை அகதி. இருபத்திரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்து, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, அறுபத்தேழு வயதில் பிரசாவுரிமைப் பத்திரம் எடுத்தார், உனக்கும் பதிந்து எடுத்துத் தந்தார். தன்னுடையதை அலுமாரிக்குள் வைக்க மனமில்லாமல் ஒரு கிழமை தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார்.

போன திங்கள் மரணத்தைப் பதியப் போனோம். இனம் என்ற இடத்தில் கந்தோரில் பதிகிற பிள்ளை "இந்தியத் தமிழர்" என்று எழுதினாள். "பிள்ளை, இந்தியாவில இவரை இலங்கையர் எண்டுதானே எழுதினவை, இஞ்ச பிறந்து இஞ்சயே செத்த மனுசன்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "விளங்குது அம்மா, ஆனா பிறப்புப் பத்திரத்தில இருக்கிறபடிதான் நான் எழுதலாம்" என்றாள். அவளோடு சண்டை பிடித்து என்ன செய்ய, கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். 

இனி எழுதப்போவதை இத்தனை நாள் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். பிரான்ஸ் பிரசாவுரிமைக்கு விண்ணப்பம் எழுதிப்போட்டால் கிடைக்கும், ஆனால் அப்பா பாடுபட்டு எடுத்துத் தந்தது போய்விடும், அதனால் வேண்டாம் என்று நத்தார் பண்டிகைக்குச் சொன்னாயே. அப்பா சாவதற்கு முதல்நாள் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "கிறேஸ், அவனை எடுக்கச் சொல்லு. ஏதாவது ஒரு நாடு அவனை எங்கட ஆள் எண்டு சொல்லட்டும்" என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை. நீ பிறத்தியானாகிவிடுவாய் என்று என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. அந்தப் பதிலைக் கேட்காமலே அவர் கண்ணை மூடினார். அந்தப் பாவம் என்னோடு.

இப்போது சொல்கிறேன், எழுதிப்போடு மகன். முப்பத்தோராம் நாள் பூசையன்று அங்கே கோயிலில் அப்பாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து, நேரத்துக்குச் சாப்பிடு, நெஞ்சுச் சளியைக் கவனி. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். அந்தப் பிரான்ஸ் பத்திரம் கிடைத்ததும் வா. விமான நிலையத்தில் உன்னை வெளிநாட்டுக்காரரின் வரிசையில் நிற்கச் சொல்லுவார்கள். நில், நான் வெளியில் நிற்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா கிறேஸ்