தலையாட்டியவனின் பெயர்

ஸ்காபரோ, ரொறன்ரோ
14.6.1987, ஞாயிறு

அன்புள்ள மகள் யோகராணிக்கு,

மாமாங்கப் பிள்ளையார் துணையால் நீயும் மருமகனும் லண்டனில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். எங்களுக்கும் உடம்பில் பெரிய குறை ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான், கட்டடத்தில் லிப்ற் பழுதாகி மூன்று நாள், ஆறாம் மாடிக்கு ஏறி இறங்கி இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. மனம்தான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இதை எழுதத் தொடங்கிய பிறகு நாலு தரம் எழும்பிப் போய்ப் போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டேன், லைன் இருக்கிறதா என்று. லைன் இருக்கிறது. ஆனால் வேலையிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மா வெள்ளிக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. காரணத்தை நீ அவவின் வாயால் கேட்பதற்கு முதல் என் கையால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு எயர்போட்டில் பாதுகாப்புச் சோதனை வேலை என்று மட்டும் உனக்கு எழுதியிருந்தேன், அங்கே என்ன செய்கிறேன் என்று எழுதவில்லை. மற்றவர்கள் மெஷினில் பெட்டிகளைப் பார்க்கிறார்கள். என்னைச் சுப்பவைசர் வரிசையின் முன்னுக்கு நிற்கவிட்டான். இந்த மாதத்தோடு இங்கேயிருந்து போன அந்த இந்திய விமானம் பெட்டியில் வைத்த குண்டு வெடித்துக் கடலில் விழுந்து இரண்டு வருடம், எல்லோருக்கும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சுப்பவைசர் என்னிடம், உன்ரை ஆக்களை உனக்குத்தானே தெரியும், சந்தேகமான முகத்தைக் கண்டால் கையைக் காட்டாதே, சனம் முறைப்பாடு எழுதும், எனக்குத் தெரிய ஒரு தரம் தலையை ஆட்டு, மற்றதை நான் பார்ப்பன் என்று சொன்னான். நாலு மாதமாக ஆட்டினேன் மகள். தலைப்பாகைக்கு, தாடிக்கு, சேலைக்கு, பொட்டுக்கு, வியர்த்துக்கொண்டு நிற்கிற கறுத்த முகத்துக்கு. எத்தனை பேர் என்று கணக்கு வைக்கவில்லை. ஒருவரிடமும் ஒன்றும் பிடிபடவில்லை.

போன மாதம் லண்டன் விமானத்துக்கு ஒரு அம்மா வந்தார், பெயர் கனகாம்பிகை, எங்கள் பக்கத்துப் பேச்சு. அறுபது வயது இருக்கும், பழைய சேலைத்துண்டு சுற்றிக் கயிறு போட்ட பார்சல்கள், நேரத்தை நேரத்தைப் பார்த்துப் பரபரத்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டினேன். சுப்பவைசர் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், பாஷை விளங்காமல் என்னையே கூப்பிட்டான். ஆரும் ஏதும் தந்துவிட்டவையோ அக்கா என்று கேட்டேன். வெள்ளைக்காரன் கேட்டிருந்தால் ‘நோ’ என்றிருப்பார், எங்களில் ஆர்தான் வேறு விதமாகச் சொல்கிறோம், ஒருவர் பயணம் என்றால் முழுக் கட்டடமும் பார்சலோடு வந்து நிற்கும், வாங்காவிட்டால் முகம் கறுக்கும். ஆனால் கேட்டது தமிழ்க் குரல். ஓம் தம்பி, மூண்டு பேர் தந்தவை, எல்லாம் எங்கடை சனம்தான் என்று வெள்ளையாகச் சொன்னார். அதை மாற்றிச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். ஒரு பார்சலுக்குள் துவாயில் சுற்றிய சின்ன ரேடியோ, அடுத்த கட்டடத்து அருள்நாயகம் தமக்கைக்குக் கொடுத்துவிட்டது. ரேடியோ என்றதும், உள்ளுக்குக் குண்டு இருக்குமோ என்று பொலிசும் வந்தது. விமானம் போய்விட்டது. லண்டனில் அந்த அம்மாவின் மகளுக்குத் தலைப்பிரசவம், துணைக்கு வேறு ஆள் இல்லை, அதற்காகத்தான் அவர் போக வந்தவர். அன்றிரவே பிள்ளை பிறந்துவிட்டதாம், தாய் அங்கே போய்ச் சேர மூன்று நாள் ஆனது என்று பிறகு அருள்நாயகம் சொன்னார்.

இவ்வளவும் நடந்து முடிந்து பார்சல்களைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா கோபமில்லாமல் என்னைப் பார்த்து, நீர்தானே தம்பி தலையாட்டினது என்று கேட்டார்.  எண்பத்துநாலில் ஆமியின் சுற்றிவளைப்பில் எங்களை வாசிகசாலை வளவில் வரிசையாக நிற்க வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சாக்கால் முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை மட்டும் விட்ட ஒருவன் ஜீப்பில் இருந்தான். என் முறை வந்தபோது அவன் தலையை ஆட்டினான், ஆமி என்னை முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. பன்னிரண்டு நாள் நீ சாப்பாட்டுப் பார்சலோடு முகாம் கேற்றில் நின்றாய். நாலு மாதம் நானும் அதே தொழிலைச் செய்துகொண்டு, அது எனக்கே விளங்காமல் இருந்திருக்கிறேனே என்று நினைக்க இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

என்னோடு வேலை செய்கிற இக்னேசியஸ் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். அவனுடைய மனைவியோடு வேலை செய்த நேர்ஸ் ஒருத்தி பிள்ளைகளோடு அந்த விமானத்தில் போனவள். ஆயிரம் பேர் வெக்கப்பட்டாலும் பரவாயில்லை அண்ணை, இன்னொண்டு விழக்கூடாது என்கிறான். அவனுடைய பயம் பொய்யில்லை. சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே, எல்லோரையும் சோதி, நேரமில்லை என்றால் ஐந்தாவதாக வருகிறவன் எவனோ அவனைச் சோதி. அந்த விமானத்தில் செத்ததும் என் நிறத்து ஆட்கள்தானே, அவர்களுக்கு என்னைவிட யார் கவலைப்படப் போகிறார்கள். இதைத்தான் மூன்று கிழமை பயந்து பயந்து இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சுப்பவைசரிடம் சொன்னேன். இனித் தலையாட்டமாட்டன் என்றேன். வீட்டை போ, போன் பண்ணுறன் என்றான்.

அம்மாவின் கோபம் நியாயம். கொழும்பில் லொட்ஜில் இருக்கிற உன் தம்பியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ண எனக்கு வேலைக் கடிதம் வேண்டும், இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். உங்கடை மானம் ரெண்டு மாதம் பொறுக்காதோ, பிள்ளையை அங்கை பிடிச்சால் என்ன செய்வீங்கள் என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனவதான்.  கார் திருத்துகிற கராச் ஒன்றில் ஆள் தேவை என்று கேள்வி, நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன். அவனுக்கு ஏதும் நடந்தால் நான் என்னை மன்னிக்கமாட்டேன் என்பதையும் உனக்கு எழுதிவைக்கிறேன்.

நீ ஓகஸ்டில் எங்களிடம் வந்து லண்டனுக்குத் திரும்பும்போது ஒருவருடைய பார்சலும் வாங்காதே, முகம் கறுக்கிறவர்கள் கறுக்கட்டும். பொட்டை அழித்துக்கொண்டு வா என்று அம்மா எழுதுவா, அதைக் கேட்காதே. உனக்கும் மருமகனுக்கும் எல்லா நலமும் கிடைக்கவேண்டும், பிள்ளையார் உங்கள் பக்கம் நிற்பார்.

மறக்காமல் ஒன்று செய். பார்சலில் எழுதியிருந்த கனகாம்பிகையின் மகளின் விலாசம் என் மனதை விட்டுப் போகவில்லை, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், ஈஸ்ற்ஹாம்தான், உனக்கு நடை தூரம். குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போ. நீ ஆர் பிள்ளை என்று அந்த அம்மா கேட்பார். எயர்போட்டில் தலையாட்டினவரின்ரை மகள் என்று சொல்லி, என் பெயரையும் சொல்லு. எனக்குத் தலையாட்டியவனின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்காவது தெரியட்டும்.

இப்படிக்கு
அப்பா
வீரக்குட்டி சாமித்தம்பி