எடுத்ததாக எழுதப்பட்ட குழாய்

அனுப்புநர்:
பள்ளிப் பேருந்து உதவியாளர்
(பதினோராம் கட்டிலில் இருந்த பெண் குழந்தையின் தாய்),
அச்சுக்கடை மேல்மாடி, பணிமனைத் தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் அறுவை மருத்துவமனை.

பொருள்: என் மகளின் உடலுக்குள் இருக்கும் குழாய் எடுக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது – உடனே ஓர் எக்ஸ்ரே எடுக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனுக்கள் இரண்டு (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு நான்கு வயது. பிறவியிலேயே அவளுடைய வலது சிறுநீரகம் வளரவில்லை. இடது ஒன்றுதான் அவளுக்கு. அதிலிருந்து சிறுநீர் இறங்கும் வழியும் குறுகலாக இருந்ததால், ஏழு மாதங்களுக்கு முன் தங்கள் மருத்துவமனையில் குறுகலை வெட்டி நீக்கி இணைத்தார்கள். நல்லபடியாகவே செய்தார்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தையல் ஆறும்வரை வழி மூடாமலிருக்க உள்ளே மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். ஆறு வாரத்தில் எடுத்துவிட வேண்டும், மறந்தால் கல் படிந்து அடைத்துக்கொள்ளும் என்று பெரிய டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

2. சொன்ன தேதியில் போய் நின்றேன். வார்டு எழுத்தர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். அறுவை நடந்த ஆறாம் நாளே குழாய் எடுக்கப்பட்டதாக எழுதி, சிவப்பு மையில் அடித்திருந்தது. பிள்ளையை விட்டு நான் நகரவே இல்லையே, எப்போது எடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரிஜிஸ்டர்ல எடுத்தாச்சுன்னு இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாம எடுத்திருப்பாங்க" என்றார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித் திரும்பினேன். அதற்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

3. அதன்பின் நான்கு முறை காய்ச்சல். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே கேட்டேன். ஒவ்வொரு முறையும் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு மருந்து எழுதி அனுப்பினார்கள். உள்ளே இழுக்கிறது என்று அவள் சொல்வதைச் சொன்னேன். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று சின்ன டாக்டர் சிரித்தார். ஐயா, மிட்டாய்க்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அது.

4. அதே வார்டில் எனக்குப் பழக்கமானவர் சலவைக்கடை அக்கா. அவருடைய மகனுக்கும் இதே குழாய்தான், எங்களுக்குப் பல வாரம் முன்பே வைத்தது. சென்ற வாரம் அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது: மகனின் குழாய் இன்னும் எடுக்கப்படவில்லையாம், வரும் வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு அழைத்து வர வேண்டுமாம். ஆனால் அவனுக்கு நாங்கள் வார்டில் இருந்தபோதே எடுத்தாகிவிட்டது. எடுத்த குழாயை அக்காவின் கண்ணிலேயே காட்டினார்கள். அது எந்த நாள் என்று கேட்டேன். என் மகளின் கணக்கில் எழுதியிருக்கும் அதே நாள்.

5. அந்த வாரம் வார்டுச் சுவருக்கு வண்ணம் பூசினார்கள். என் மகளைப் பதினொன்றிலிருந்து நான்காம் கட்டிலுக்கு மாற்றினார்கள். பதினொன்றில் அக்காவின் மகன் வந்து படுத்தான். அங்கே எதையும் கட்டில் எண்ணைப் பார்த்தே எழுதுகிறார்கள். பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. எங்கள் பேருந்திலும் பிள்ளைகள் இடம் மாறி உட்காருவார்கள். கடைசி நிறுத்தத்தில் நான் பின் வரிசைவரை நடந்து, ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்த பிறகுதான் கதவைப் பூட்டுவேன். எட்டாவதோடு நின்ற எனக்கே தெரிந்த வேலை இது. 

6. வண்ணம் பூசியபோது ஒன்பது பிள்ளைகள் கட்டில் மாறினார்கள். மற்ற ஏழு பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களின் தாய்மாரும் காய்ச்சல் மருந்து ஊற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

7. ஆகவே, அக்காவின் மகனுக்கு வியாழனன்று வீணாக மயக்க மருந்து கொடுப்பதை நிறுத்தி, ஒன்பது பிள்ளைகளையும் திரும்ப அழைத்துப் பார்க்குமாறும், என் மகளுக்கு இப்போதே ஓர் எக்ஸ்ரே எடுக்க உத்தரவிடுமாறும் தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். யாரையும் வேலையை விட்டு நீக்க நான் கேட்கவில்லை. அவசரப் பிரிவிலும் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னதால், மகளை மடியில் போட்டுக்கொண்டு தங்கள் அறை வாசலில் இதை எழுதுகிறேன். தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இப்போது மணி பதினொன்று. நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் ஒரு சொட்டுக்கூடச் சிறுநீர் கழிக்கவில்லை.

நாள்: அக்டோபர் 14, செவ்வாய்
இடம்: தங்கள் அறை வாசல்

இப்படிக்கு,
தங்கள் கதவு திறக்கக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
குழந்தையின் தாய்