கட்டம் நகர்ந்த செய்திமடல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். அம்மா உள்ளே டயாலிசிஸ் மெஷினில் படுத்திருக்கிறாள், முடிய இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன், உட்கார்ந்து என்று சொல்வதுகூடப் பொய்தான், இந்த நாலு வரிக்குள் இரண்டு முறை எழுந்து கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. எனக்குத்தான் ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ நடுவில் புகுந்து எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் படித்துவிட்டுப் பேசு.

நம் நோயாளிகள் சங்கத்தின் செய்திமடலை மாதாமாதம் நான்தான் தயார் செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் வீட்டு வரைபடம் போட்ட கை, பக்கத்தில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் எனக்குத் தூக்கம் வராது. எப்போதும் பிரின்ட் எடுத்து இங்கேயே ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவோம். போன வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு மெஷின் ஒரேயடியாகப் பழுதாகிவிட்டது. தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, சார் இருபத்திரண்டு பேருக்கு நாள் மாத்தியிருக்கோம், எங்ககிட்ட ஆள் இல்ல, உங்க மடல்லயே போட்டு இன்னிக்கே எல்லாருக்கும் ஈமெயில்ல அனுப்பிடுங்க என்று பட்டியலைக் கொடுத்தார். பெயர், புதிய நாள், நேரம் என்று மூன்று பத்தியில் அழகாகக் கட்டம் போட்டேன். நாள் மாறாதவள் உன் அம்மா ஒருத்திதான், அவளுக்கு நேராக நாளும் நேரமும் எழுதாமல் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அந்த ஃபைலை அப்படியே மெயிலில் இணைத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஒன்பது பேர் போன் செய்துவிட்டார்கள், திறக்கவே மாட்டேன் என்கிறதாம். பக்கம் அமைக்கும் அந்த சாஃப்ட்வேர் அவர்களிடம் ஏது? எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அரக்கப்பரக்க எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, மெயிலுக்குள்ளேயே ஒட்டி அனுப்பிவிட்டேன். என் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

உனக்கும் ஒரு பிரதி வந்ததல்லவா, நீ உடனே ஒரு வரி எழுதியிருந்தாய், அப்பா எல்லாம் கலைஞ்சு வந்திருக்கு, ஒரு தடவை பாருங்க என்று. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் என்பதும் உனக்கு நினைவிருக்கும், உன் ஊர் கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஒத்துவரவில்லை போல என்று கிண்டல் செய்தேன். அதுதான் இப்போது என்னைக் குடைகிறது. மெயிலில் போய்ச் சேர்ந்தபோது கட்டங்கள் எல்லாம் காணாமல் போய், முதலில் இருபத்துமூன்று பெயர்கள் வரிசையாக, அதற்குக் கீழே நாட்கள் வரிசையாக, அதற்கும் கீழே நேரங்கள் என்று கொட்டிக் கிடந்திருக்கிறது. வெறுமையாக விட்ட அம்மாவின் கட்டம் மறைந்துபோனதால் அவளுக்குக் கீழே இருந்த எல்லோருடைய நாளும் ஒரு வரி மேலே ஏறிவிட்டது. கடைசியில் இருந்த பஸ் கண்டக்டருக்கு நாளே இல்லை, அவர் நேராக நர்ஸுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். மற்றவர்களும் குழம்பி ஆளாளுக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பட்டியலில் அம்மாவுக்குக் கீழே இருந்த தையல்காரர் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அவருடைய மருமகள் நிதானமாக எண்ணியிருக்கிறாள், மாமா ஏழாவது பெயர், அப்போது ஏழாவது நாள் அவருடையது, அதில் புதன் என்று இருக்கிறது. உண்மையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு அவர் வராததைப் பார்த்து நர்ஸ் போன் செய்தாராம், பதிவேட்டில் இருந்தது பழைய எண். செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது மூச்சு வாங்கியிருக்கிறது, படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனோடு கொண்டுவந்தார்கள். நுரையீரல் வரைக்கும் தண்ணீர் கோத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கே அவசரமாக மெஷின் போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தபோது நடைபாதையில் ஒரே சத்தம். தையல்காரரின் மனைவி எல்லோர் முன்னாலும் மருமகளைப் பிடித்து, படிச்ச பொண்ணுன்னு நம்பித்தானே போனைக் கொடுத்தோம், ஒரு நாளைப் பார்த்துச் சொல்லத் தெரியலையா உனக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். எனக்கு அப்போதே நீ எழுதிய வரி ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் போனில் அந்த மெயிலைத் திறந்தேன். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. விளங்கியும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லையம்மா. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும், ஆள் பிழைத்துவிட்டாரே என்றெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அம்மாதான் கண்டுபிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்க போய்ச் சொல்லலன்னா நான் போய்ச் சொல்றேன், என் கட்டம்தானே அது என்றாள்.

இந்த வெள்ளிக்கிழமை தையல்காரர் படுத்திருந்த வார்டுக்குப் போனேன். அவர், மனைவி, மருமகள் மூன்று பேரும் இருந்தார்கள். பிரின்ட் எடுத்த பக்கத்தையும் அம்மாவின் போனையும் கட்டிலில் அருகருகே வைத்து, ஏழாவது வரியில் விரலை வைத்துக் காட்டி, உங்க மருமக சரியாத்தான் படிச்சிருக்கா, நான் அனுப்பினதுதான் தப்பு, என் மக கலைஞ்சிருக்குன்னு எழுதியும் நான் திறந்து பார்க்கல என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இனிமே உங்க காகிதமும் வேணாம் மெயிலும் வேணாம் என்றார். அது நியாயமான கோபம்தான். தையல்காரர் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அளவு எடுத்தப்ப சரியாத்தான் எடுத்திருக்கீங்க, வெட்டும்போது துணி நகர்ந்துடுச்சு என்று மட்டும் சொன்னார். மருமகள் நான்கு நாளாகக் கையிலேயே வைத்திருந்த மாதிரி அந்தப் பையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நான் அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மடலே இனி வேண்டாம் என்றுதான் நர்ஸிடம் சொல்லப் போனேன். அவர், அப்ப அடுத்த வாரப் பட்டியலை யார் சார் போடுவா, ஒழுங்கா அனுப்பக் கத்துக்கோங்க என்று கையில் திணித்துவிட்டார். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பெண்மணியிடம் போய் நின்றேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார், பக்கத்தை அப்படியே பிடிஎஃப்பா மாத்துங்க சார், மாத்தும்போது எழுத்துருவையும் உள்ளயே சேர்க்கச் சொல்லிக் கேக்கும், அதை விட்டுடாதீங்க, விட்டா எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாப் போயிடும். படங்களைச் சின்னதாக்கச் சொன்னார், இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு இறங்கவே இறங்காதாம். நான் என் பங்குக்கு மூன்று பத்தியை ஒரே பத்தியாக்கி எழுத்தைப் பெரிதாக்கினேன், போனில் படிப்பவர்கள் விரலால் இழுத்து இழுத்துத் தேட வேண்டாமே. மெயிலுக்குள்ளும் ஆளுக்கு ஒரு வரியாக, பெயர் நாள் நேரம் மூன்றையும் ஒரே வாக்கியமாக எழுதினேன், அதில் கலைவதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் கட்டம் என்பதே கிடையாது, மாற்றம் இல்லை என்றால் மாற்றம் இல்லை என்று எழுதியாகிவிட்டது. முதல் பக்கத்தில் போன மடலின் தவறு என்னுடையது, படித்தவர்கள் மேல் பிழை இல்லை என்று என் பெயரோடு போட்டேன். முதலில் எனக்கும், பழைய போன் வைத்திருக்கும் கண்டக்டருக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் அனுப்பினேன். தையல்காரர் வீட்டு முகவரியைப் பட்டியலிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, பத்து நிமிஷத்துக்கு முன்னால், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த மருமகள். சார், மடல் வந்துச்சு, எல்லாம் நேரா இருக்கு, மாமாவுக்குத் திங்கக்கிழமை காலைல ஆறரை, சரிதானே என்றாள். சரிதாம்மா என்றேன். பிறகு சொன்னாள், அத்தைதான் போனைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தாங்க, நீயே படிம்மான்னு.

உள்ளே அம்மாவின் மெஷின் கூப்பிடுகிறது, நர்ஸ் போகிறார், நானும் போய் நிற்க வேண்டும். குழந்தையைக் குளிரில் வெளியே அதிக நேரம் வைத்துக்கொண்டு நிற்காதே, மாப்பிள்ளையைப் பல் டாக்டரிடம் போகச் சொல், தள்ளிப் போட வேண்டாம். உன் கை தொட்டதெல்லாம் நல்லபடியாக அமையட்டும், மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் என்னை அல்ல, முதலில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா