விசை வரவில்லை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு

அன்பு மகன் அன்புசெல்வனுக்கு,

நான் நலம். அம்மா நலமில்லை, காய்ச்சல் எதுவும் இல்லை, நீ போனை எடுக்காததுதான் வியாதி. உன் நலத்தை ஹாஸ்டலில் உன் பக்கத்து அறை நியாஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. "மெஸ் பக்கமே வர்ல அங்கிள், கதவத் தட்டுனா போடான்றான்" என்கிறான். அதனால் இதை அவனுக்கு அனுப்பி, அச்செடுத்து உன் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் ஆராய்ச்சிக் கட்டுரையையும் அவனிடம் வாங்கிப் படித்தேன். ரோலிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கும் டிப்ளமோக்காரனுக்குப் பாதிதான் புரிந்தது. ஒரு திசையில் ஓரடி, அடுத்த திசையில் ஓரடி. வரிசையை மாற்றி வைத்தால் வேறு இடத்தில் போய் நிற்கிற மாதிரி ஒரு வெளி. அந்த வெளியில் ஒரு புள்ளியை அடுத்த புள்ளியோடு இணைக்கிற விதியை கனெக்‌ஷன் என்கிறாய்; அதில் சமச்சீரான பகுதி ஈர்ப்பு, சமச்சீர் இல்லாத பகுதி மின்காந்தம், இரண்டும் ஒரே வடிவியல் என்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழியில் போனால் மின்னூட்டம் உள்ள துகளும் மின்னூட்டம் இல்லாதது மாதிரியே நகர்கிறது, அதைத் தள்ள வேண்டிய மின்விசை வரவில்லை என்று எழுபது வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார்கள், நீயே முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நீ ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தாய், விசை வந்தது. வந்தது ஒரு மைனஸ் குறியைத் தப்பாகப் போட்டதால். திருத்தினால் பூஜ்யம் என்று உன் கைடு காட்டிவிட்டார். மூன்று வருஷ வேலை போய்விட்டது, போகவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது.

ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து நீ நியாஸிடம் சொன்னது கணக்கைப் பற்றி இல்லையாம். "அந்த பேனர் இருக்கற ஊருக்கு எப்டிடா போவேன்" என்றாயாம். விசை வந்தது என்று நீ அம்மாவிடம் சொல்ல, அவள் உன் மாமன் மோகன்ராஜிடம் சொல்ல, அவன் மறுநாளே புதுவாயல் கூட்ரோட்டில் டாக்டர் அன்புசெல்வன் என்று உன் முகத்தை லாரி உயரத்துக்குக் கட்டிவிட்டான். பட்டம் இன்னும் வரவில்லையே என்றதற்கு, "இன்னா மாமா, எப்டியும் வரப்போவுது, இப்பவே வெச்சா இன்னா?" என்றான். நேற்று ஷிப்ட் முடிந்து போய் அறுத்து இறக்கிவிட்டேன். சண்டைக்கு வந்தான், "கேக்கறவனுக்கு இன்னா சொல்றது?" என்றான். கணக்கு தப்பாகிவிட்டது என்று சொல் என்றேன். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டு அடுத்த பேனரைப் பார்க்கப் போய்விடும். அம்மா சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "அந்த விசை வந்தா வர்து, வராங்காட்டி போவுது, எம் புள்ள துன்னானான்னு கேளுய்யா."

லீவு போட்டுவிட்டேன், செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறேன். வந்து கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேறு தலைப்பா, வீடா என்பதையெல்லாம் நீ சாப்பிட்ட பிறகு பேசலாம். எதில் தோற்றாலும் நீ எங்கள் பிள்ளை, நன்றாக இரு. நான் வந்து சேரும்வரை அறைக் கதவை உள்ளே தாழ் போடாதே. நியாஸ் எட்டிப் பார்த்தால் திட்டாதே, நான்தான் பார்க்கச் சொன்னேன்.

உன் அப்பா,
சந்திரமோகன்